தர்ஷினிக்காகப் பேசியவர்கள்

1

என் அக்கா மகள் தர்ஷினி சென்ற ஆண்டு என்னிடம் ஓர் உதவி கேட்டாள். ஊரிலிருந்து உதவி கேட்டு வரும் அழைப்புகள் எனக்குப் புதிதல்ல. நோர்வேயின் பேர்கன் நகரில் குடியேறிய நாளிலிருந்து மருந்து, சப்பாத்து, கோயில் திருவிழா என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது. இவள் கேட்டது வேறு மாதிரி.

“சின்னம்மா, என் வேலை விஷயமா நீங்க யார்கிட்டயும் பேசிடாதீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. உண்மையில் நான் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தேன். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் ஒருவருடைய மைத்துனர் கொழும்பில் பெரிய இடத்தில் இருக்கிறாராம். சங்கப் பொங்கலில் அவருக்கு இரண்டாவது தடவை வடை வைத்துவிட்டு, அக்கா மகள் ஒருத்தி படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்று காதில் போட்டு வைத்திருந்தேன். தர்ஷினி சொன்ன பிறகு அந்த வடையைத் திரும்ப வாங்கவா முடியும்? பேசாமல் இருந்துவிட்டேன்.

தர்ஷினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிவித்திகலவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில்தான் அக்காவும் அத்தானும் இன்றும் இருக்கிறார்கள். அங்கிருந்து பல்கலைக்கழகம் போய் மண்ணையும் பாறையையும் பற்றிப் படித்தவள் அவள். நிலவியல் என்று அதற்குப் பெயர். படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் வேலை இல்லை. அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில்கூட வரவில்லை. அக்காவுக்குத் தினமும் ஒரே புலம்பல். இத்தனை வருடம் கொழுந்து கிள்ளிப் படிக்க வைத்தது, பிள்ளை இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதற்கா என்று.

இதற்கிடையில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒரு வழி செய்திருந்தார். ஓர் அரசியல்வாதியிடம் பேசி, பக்கத்து ஊரில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுதுவினைஞர் வேலை. கோப்பு அடுக்குவது, போட்டோ கொப்பி எடுப்பது. கற்ற படிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கடிதம் தயார், ‘சரி’ என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

2

பேர்கனில் மழை எங்கள் இரத்தினபுரிப் பக்கத்து மழையைப் போல அடித்துப் பெய்யாது. ஆனால் விடாது. காலையில் மழை அங்கியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போய், ஓட்ஸ் கஞ்சி கிளறுவதில் என் நாள் தொடங்குகிறது. இந்த வேலை எனக்குக் கிடைத்த கதையை இங்கே சிரிப்புக்காகப் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஊருக்கு இதுவரை எழுதியதில்லை.

வந்த புதிதில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஓர் இளைஞன் எனக்காக விண்ணப்பம் நிரப்பினான். ஊரில் என்ன வேலை செய்தேன் என்று கேட்டான். பிள்ளைக்காம்பராவில் என்றேன். தாய்மார் மலையில் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில் நான் அதை விளக்க, அவன் கணினியில் எதையெதையோ தேடி, கடைசியில் ‘வீட்டில் குழந்தை வளர்த்தார்’ என்று எழுதிக்கொண்டான். அங்கே முப்பது பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சி, சோறு பொங்கி, பானை கழுவியதெல்லாம் ஒரு சொல்லில் காணாமல் போயிற்று.

அடுத்ததாக, உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும் என்றான். நான் யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்தவர்களிலேயே மிகப் பெரியவர்கள் இருவரைச் சொன்னேன். ஒருவர் இங்குள்ள தமிழ்ச் சங்கத் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், என் கணவருக்குத் தூரத்துச் சொந்தம், நான் சாப்பிடுவதை மட்டும் ஓரிரு தடவை பார்த்தவர். மற்றவர் எங்கள் தோட்டத் தலைவர்.

இந்த நாட்டுக்காரர்கள் உண்மையிலேயே தொலைபேசி எடுத்துப் பேசுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சமையலறைக்குப் பொறுப்பான பெண்மணி நிவித்திகலவுக்கே அழைத்துவிட்டார். தலைவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரை ‘சேர், சேர்’ என்று விளித்து, நல்ல பிள்ளை, ஏழைக் குடும்பம் என்று சொல்லியிருக்கிறார். வேலை சுத்தமாகச் செய்வாளா என்று கேட்டதற்கு, இவளுடைய அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர், ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை என்றிருக்கிறார். மற்றவர்களோடு ஒத்துப்போவாளா என்று கேட்டதற்கும் அதே பதில், கொஞ்சம் உரக்க.

பெண்மணி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். உன் குடும்பத்தைப் பற்றி இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், நீ வேலை செய்வதைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு ரிஸ்வானா டீச்சரின் நினைவு வந்தது. பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தவர், நிவித்திகல டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். என்னைத் தினமும் ஏசியவர். அவரை எப்படிக் கேட்பது என்று தயங்கித்தான் எண்ணைக் கொடுத்தேன்.

டீச்சர் சொன்னதைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். “வாய் கொஞ்சம் நீளம், ஆனா அவ கழுவின பானைய திருப்பிப் பாக்கத் தேவல்லன்னு சொன்னேன் புள்ள. உள்ளதத்தானே சொல்லணும்.”

அடுத்த வாரம் வேலைக்கு வந்துவிடச் சொன்னார்கள். வாயைப் பற்றி அந்தப் பெண்மணி ஒன்றும் கேட்கவில்லை, தானாகவே தெரிந்துகொண்டார்.

3

இதை வாசிக்கும் வெளியூர்க்காரர்கள் எங்கள் தலைவரைக் கோமாளி என்று நினைத்துவிடக் கூடாது. அன்று தலைவராக இருந்தவர்தான் இன்றும் இருக்கிறார். எங்கள் லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது அவரால். பிரசவ வலியில் துடித்த எத்தனையோ பெண்களை லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்.

தோட்டத்தில் யாரும் தனக்காகத் தானே பேசுவதில்லை. லீவு வேண்டுமா, வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டுமா, மகனுக்கு பெக்டரியில் வேலை வேண்டுமா, தலைவரைக் கூட்டிக்கொண்டு ஒபீசுக்குப் போகவேண்டும். தலைவர் படியேறித் தொரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம் பேசுவார். கேட்க வந்தவர் படிக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். என் அப்பா நின்றார். நானும் நின்றிருக்கிறேன். தனியாள் சொல் அங்கே எடுபடாது, பின்னால் ஆட்கள் இருந்தால்தான் காது கொடுப்பார்கள் என்ற காலத்தில் வந்த வழக்கம் இது. அதில் நியாயம் இருந்தது.

என் மகள் அஞ்சலி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில் சொல்லும் ரகம். படிக்கும்போதே ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க நினைத்தாள். அதற்கு முன் விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்து, இந்த வேலையில் எது கடினம், முன்பிருந்தவர் ஏன் போனார் என்று அந்த அதிகாரியையே விசாரித்தாள். நான் அடுப்படியில் பதறிப்போய் நின்றேன். வேலை தருகிறவரிடமே குறுக்குக் கேள்வியா? போனை வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள், இங்கே எல்லோரும் அப்படித்தான், பேசாவிட்டால் நான் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று. இதை மட்டும் தமிழில் சொன்னாள், எனக்கு நன்றாகப் புரியட்டுமென்று.

இவள் என் பிள்ளைதானா என்று எனக்கு அடிக்கடி வரும் சந்தேகம் அன்றைக்கும் வந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி அப்படிப் பேசுவாள் என்று அப்போது நான் கனவிலும் நினைத்ததில்லை.

4

தர்ஷினியின் கதை ஒரு வெடிப்பில் தொடங்கியது. சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டுப் பெருமழையில் எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலைக்குள் நிலம் நீளமாகப் பிளந்தது. மண்சரிவு எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. மலையைப் பரிசோதிக்கக் கொழும்பிலிருந்து ஒரு தனியார் குழு வந்தது. அதற்குத் தலைமை தாங்கி வந்தவர் நதீஷா என்ற சிங்களப் பெண் பொறியியலாளர். தோட்டத்து ஆட்கள் வழக்கம்போலத் தள்ளி நின்று பார்த்தார்கள். தர்ஷினி மட்டும் அவர்களோடு மலையேறினாள். யாரும் கூப்பிடவில்லை.

அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அங்கே எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான், கடையிலும் பஸ்ஸிலும் பேசிப் பழகியது. எந்த மரம் எப்போது சாய ஆரம்பித்தது, எங்கே புதிதாக ஊற்று கசிகிறது என்று கொழுந்தெடுக்கும் பெண்களிடம் தமிழில் கேட்டு, நதீஷாவுக்குச் சிங்களத்தில் சொன்னாள். வெடிப்பு ஏன் அந்த இடத்தில் வந்திருக்கும் என்று தான் நினைப்பதையும் சொன்னாள். நதீஷா அவள் சொன்னது பாதி சரி என்றார், மீதி ஏன் தவறு என்று மலையில் நின்றே விளக்கினார். போகும்போது தன் எண்ணைக் கொடுத்து, ஊற்றுத் தண்ணீரின் நிறம் மாறினால் சொல்லு நங்கி என்றார். நங்கி என்றால் தங்கை.

அன்றிலிருந்து மழை விட்டதும் தர்ஷினி குடையோடு மலையேறிவிடுவாள். பார்த்ததைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். கூடவே ஒரு கேள்வி கேட்பாள். சில நாள் உடனே பதில் வரும், சில நாள் ஒரு வாரம் கழித்து வரும். சிலவேளை நதீஷா திருப்பி ஒரு கேள்வி கேட்பார், இவள் அதற்கு விடை தேடிப் பழைய பாடப் புத்தகங்களைக் கட்டிலில் பரப்புவாள். மாதக் கணக்கில் இது நடந்தது. வேலை என்ற சொல்லை அவள் ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

அக்காவுக்கு இது விளங்கவே இல்லை. அவ்வளவு பெரிய மிஸ்ஸின் நம்பர் கையில் இருக்கிறது, இவள் சேற்றுத் தண்ணீரைப் படம் பிடித்து அனுப்புகிறாளே என்று என்னிடம் அழுதாள். எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புத்தான். ஏன் கேட்கவில்லை என்று தர்ஷினியிடம் ஒருநாள் கேட்டேன்.

“அவங்ககிட்ட கேக்குறதுக்கு எனக்கு நெறைய இருக்கு சின்னம்மா. வேலைய கேட்டா அதுக்கப்புறம் வேற எதையும் கேக்க முடியாது.”

இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. எங்கள் குடும்பத்திலிருந்து நிச்சயமாக இல்லை.

5

அக்கா பொறுமை இழந்தாள். மகள் குளிக்கப் போன நேரத்தில் போனிலிருந்து எண்ணை எடுத்துத் தலைவரிடம் கொடுத்துவிட்டாள். தலைவர் தனக்குத் தெரிந்த வழியில், தன் முழு மனதோடு, நதீஷாவுக்கு அழைத்தார். கஷ்டப்பட்ட குடும்பம், பிள்ளைக்கு எப்படியாவது ஓர் இடம் போட்டுத் தாருங்கள், எங்கள் ஆட்கள் உங்களை மறக்கமாட்டார்கள் என்று சிங்களத்தில் நீளமாகப் பேசியிருக்கிறார். போதாததற்கு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வெற்றிலையோடு நேரில் வருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார். நதீஷா ‘சரி, பார்ப்போம்’ என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு தர்ஷினி அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை. காரணம் தெரியாமல் அவள் இரண்டு வாரம் தவித்தாள். பிறகு தலைவரே வழியில் கண்டு, பத்தில் ஒன்பது பங்கு வேலை முடிந்த மாதிரி என்று பெருமையோடு சொல்ல, விஷயம் வெளியே வந்தது.

அவள் எனக்கு அழைத்து அழுதது அந்த ஒரு தடவைதான். “இவ்வளவு நாளும் இதுக்காகத்தான் தண்ணிய பாத்துக்கிட்டு இருந்தேன்னு நெனச்சிருப்பாங்க சின்னம்மா.”

நான்கூட அப்போது புத்திசாலித்தனமாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த எழுதுவினைஞர் வேலைக்கு அந்த வாரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். கிடைப்பதை எடுத்துக்கொள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நானும் அக்காவோடு சேர்ந்து பாடினேன். எடுத்தால் இனிமேல் கோப்புத்தான், மலை இல்லை. விட்டால் இரண்டும் இல்லை, எம்பிலிப்பிட்டியவிலோ கொழும்பிலோ ஏதாவது ஒரு துணிக்கடைதான். அவள் விட்டாள். தலைவர் வீட்டுக்கு நேரே போய், வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டு வந்தாள். தலைவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா மூன்று நாள் சமைத்துவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

6

அடுத்த மழைக்கு ஊற்று கலங்கி, செம்மண் நிறத்தில் வந்தது. வெடிப்பும் அகன்றிருந்தது. தர்ஷினி கிராம சேவகருக்கும் தொரைக்கும் சொல்லிவிட்டு, படங்களை நதீஷாவுக்கும் அனுப்பினாள். இரண்டு மாதமாகப் பதிலே போடாத ஒருவருக்கு மறுபடி அனுப்ப எனக்கென்றால் ரோஷம் விட்டிருக்காது. அவள் படங்களுக்குக் கீழே சிங்களத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறாள்: அன்று பேசியது நான் சொல்லி அல்ல. இன்று தண்ணீர் கலங்கியிருக்கிறது.

நதீஷா உடனே அழைத்தார். முதலில் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினார், எங்கே, எவ்வளவு வேகம், மரங்கள் எப்படி என்று. பிறகு அதிகாரிகளிடமும் பேசினார். அன்று மாலைக்குள் லயத்து ஆட்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மேலே தேயிலைக்குள் ஒரு பகுதி மண் இறங்கியது, லயம் வரை வரவில்லை. மழை ஓய்ந்ததும் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

அந்தக் களேபரம் அடங்கிய பிறகு நதீஷா மறுபடி அழைத்து, வேலை கேட்டு நாளொன்றுக்கு எத்தனையோ பேர் பேசுகிறார்கள், அதனால் உன்னையும் அப்படி நினைத்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னாராம். தன் நிறுவனத்தில் இப்போது இடம் இல்லை. கலவானப் பக்கத்தில் சரிவுகளை அளக்கும் வேறொரு குழுவுக்குக் கள உதவியாளர் தேவை, விண்ணப்பித்துப் பார் என்றார். தர்ஷினி அதை என்னிடம் சொன்னபோது அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். “வேல குடுங்கன்னு சொல்ல மாட்டேன் நங்கி. நான் பாத்தத கேட்டா சொல்லுவேன். அவ்வளவுதான்.”

என்ன மனுஷி. பேர்கனில் என் கஞ்சிப் பானைக்கு முன்னால் நின்று அந்த முகம் தெரியாத பெண்ணுக்கு நான் கும்பிடு போட்டேன்.

விண்ணப்பிப்பதற்கு முன் தர்ஷினி கலவானக் குழுவின் பொறுப்பாளருக்குத் தானே அழைத்தாள். மழைக்காலத்தில் பெண்கள் களத்தில் எங்கே தங்குவது, எந்தக் கருவி பாவிக்கிறார்கள், தனக்குத் தெரியாததை யாரிடம் கற்கலாம் என்று கேட்டாள். அஞ்சலி அவளுக்கு ஏதும் சொல்லிக்கொடுத்தாளா என்று விசாரித்தேன். இல்லையாம். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை, இருவருக்கும் பொதுவாக இருப்பது நான் மட்டும்தான்.

நேர்முகத்தில் அந்தப் பொறுப்பாளர் நம் நாட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார், யார் அனுப்பியது என்று. யாரும் அனுப்பவில்லை, என் வேலை எப்படி என்று நதீஷா மிஸ்ஸிடம் கேளுங்கள் என்றாளாம். அவர் கேட்டார். நதீஷா என்ன சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியாது. கெட்டதும் சேர்த்தே சொல்லியிருப்பார். அடுத்த மாதம் தர்ஷினி கலவானவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அக்கா போனில் அழுதாள், இந்தத் தடவை சந்தோஷத்தில். நான் அவளைக் கோப்பு அடுக்கப் போகச் சொன்னவள் என்பதை இருவரும் நாகரிகமாக மறந்துவிட்டோம்.

7

போன வாரம் நடந்ததை அக்கா சொன்னாள், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தலைவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். கோபமெல்லாம் ஆறி, வேலை தன் அழைப்பால்தான் கிடைத்தது என்று தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அக்கா தேத்தண்ணி கொடுத்து, அப்படியே இருக்கட்டும் என்று மகளுக்குக் கண்ணைக் காட்டினாள். தர்ஷினி மரியாதையாக, ஆனால் உள்ளதைச் சொன்னாள். “நீங்க பேசினதுக்கப்புறம் அந்த மிஸ் எங்கூட ரெண்டு மாசம் பேசல தலைவரே. உங்க மேல கோவம் இல்ல. ஆனா நடந்தது அதுதான்.”

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தாராம். எழுந்து போய்விடுவார் என்று அக்கா பயந்தாள். அவர் போகவில்லை. தன் மகள் சுகந்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவள் நில அளவை படித்து முடித்திருக்கிறாள், ஏழெட்டு இடத்தில் பேசியும் ஒன்றும் சரிவரவில்லை. ஊருக்கெல்லாம் வேலை பேசிய மனிதர் தன் பிள்ளைக்கு வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நீ வேலை செய்கிற இடத்தில் ஒரு வார்த்தை சொல்லம்மா என்று தர்ஷினியிடம் கேட்டார்.

தர்ஷினி, “சுகந்தி வேலை செஞ்சு நான் பாத்ததில்லயே தலைவரே. சனிக்கிழம நாங்க அளக்குறப்போ வந்து கூட நிக்கச் சொல்லுங்க. எங்க ஆளுகளும் பாக்கட்டும். அப்புறம் கேட்டா, பாத்தத சொல்லுவேன்” என்றாள்.

தலைவர் யோசித்துவிட்டு, நானும் கூட வரட்டுமா என்று கேட்டார்.

“வேணாங்க. அவளத் தனியா அனுப்புங்க.”

சனிக்கிழமை காலை சுகந்தி கலவான பஸ்ஸில் தனியாக ஏறினாள். தலைவர் பஸ் ஹோல்ட் வரைக்கும் வந்து, பஸ் புறப்படும்வரை மழையில் நின்றிருக்கிறார். கண்டக்டரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.